வரி முறியும் இடம்

கணிப்பொறியில் எழுதும்போது, வரி நிரம்பியவுடன் அடுத்த சொல் தானாகவே கீழே இறங்குவதைக் கண்டு பழகிவிட்டபடியால், அதற்குப் பின்னே ஒரு கணித சாஸ்திரம் உண்டென்று நாம் நினைப்பதேயில்லை. பெரும்பாலான மென்பொருள்கள் கையாளும் யுக்தி மிக எளியது: இடமுள்ளவரை சொற்களை நிரப்பி, போதாதபோது அடுத்த வரிக்குப் போய்விடுவது. முதற் பந்தியில் பாயசத்தைத் தாராளமாக ஊற்றிவிட்டு, கடைசிப் பந்தியில் கையைப் பிசைகிற பரிசாரகனின் போக்கு அது.

6 எழுத்துக்கு இடமுள்ள வரியில் 3, 2, 2, 5 எழுத்துள்ள நான்கு சொற்களை முறையே அமைக்க வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். மேற்சொன்ன முறையில் முதலிரு சொற்களும் நடுவேயுள்ள இடைவெளியும் சேர்ந்து முதல் வரி கச்சிதமாக நிரம்பும், இரண்டாவதில் ஒரு சொல் தனித்து நின்று 4 இடம் வெறுமையாகும், மூன்றாவதில் 1. முதற்சொல்லை மட்டும் முதல் வரியில் நிறுத்தினாலோ வெறுமை 3, 1, 1 என்று பரவும். இரண்டிலும் கூட்டுத்தொகை 5 தான். ஆயினும் கண்ணை உறுத்துவது மொத்தமன்று, ஓரிடத்தில் குவியும் வெறுமையே. ஆகையால் ஒவ்வோர் எண்ணையும் வர்க்கமாக்கிக் கூட்டினால், முன்னதற்கு 17, பின்னதற்கு 11.

தம் நூலின் புதிய பதிப்புக்கு 1977-இல் வந்த அச்சுப்படிகளைக் கண்டு மனம் வெதும்பி, டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளைத் தாமே இயற்றப் புகுந்த ஸ்டான்போர்டு பேராசிரியர் டொனால்ட் கனூத், தம் மாணவர் மைக்கேல் பிளாஸுடன் 1981-இல் வெளியிட்ட கட்டுரையில், பத்தி முழுவதையும் ஒருங்கே நோக்கி வரிகளை முறிக்கும் வழியை விவரித்தார். சொற்களிடையே நீளவும் சுருங்கவும் வல்ல இடைவெளிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘பசை’. சுருள்வில் என்றிருந்தால் பொருத்தமாயிருக்கும் என்பது என் அபிப்பிராயம். 100 இடைவெளிகள் கொண்ட பத்தியை முறிக்கும் வகைகளை எண்ணப் புகுந்தால் 31 இலக்க எண் வரும். அத்தனையையும் சோதிக்க வேண்டுவதில்லை. ஒவ்வொரு முறிவிடத்துக்கும், அதுவரையிலான ஏற்பாடுகளுள் சிறந்ததை மட்டும் நினைவில் வைத்து மேலே செல்வதே அம்முறையின் சூட்சுமம்.

இவ்வளவு நல்ல முறை எழுதும் திரைகளில் ஏன் பரவலாக இல்லையென்று வாசகர் கேட்கலாம். பத்தியின் ஈற்றில் ஒரு சொல்லைச் சேர்த்தாலும் அதன் முதல் வரிகள் மாறிவிடக்கூடும். தட்டச்சு செய்துகொண்டிருப்பவரின் கண்முன்னே, எழுதி முடித்த வரிகளெல்லாம் இடம் பெயர்ந்துகொண்டிருக்கும்.