வீட்டுப் படச்சுருள்களைக் காக்கும் வகை

பழைய பெட்டிகளைத் துழாவும்பொழுது, உள்ளங்கை அளவுள்ள வட்டத் தகரப் பெட்டி ஒன்று சிலர் வீட்டில் அகப்படும். அதனுள் மெல்லிய படச்சுருள் இருக்கும். திருமணம், காதணி விழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, பத்துமலைத் தைப்பூசம் என ஏதேனும் ஒன்று அதில் பதிந்திருக்கலாம். ஓட்டிப் பார்க்கக் கருவி இல்லை; எறிந்துவிடவும் மனம் வருவதில்லை. அத்தகைய சுருளை வீட்டிலேயே மின்னிலக்கக் காணொளியாக மாற்றுவது எங்ஙனம், அதனைக் காலந் தாழ்த்தாது செய்ய வேண்டுவது ஏன் என்னும் இரண்டையும் ஈண்டுக் காண்போம்.

சுருளின் வகை

முதற்கண் சுருள் எவ்வகையது என அறிதல் வேண்டும். கோடாக் நிறுவனம் 1923இல் 16 மில்லிமீட்டர் அகலமுள்ள சுருளையும், 1932இல் 8 மில்லிமீட்டர் சுருளையும், 1965இல் 'சூப்பர் 8' என்னும் சுருளையும் வெளியிட்டது. பின்னவை இரண்டும் அகலத்தில் ஒன்றே. ஓரத் துளைகளே வேறுபாட்டைக் காட்டும். பழைய எட்டில் துளை பெரிது. இரு படங்களுக்கு இடையிலுள்ள எல்லைக்கு நேராக அமைந்திருக்கும். சூப்பர் எட்டில் துளை சிறிது. ஒவ்வொரு படத்தின் நடுப்பகுதிக்கும் நேராக இருக்கும். துளை சிறுத்தமையால் படத்துக்கு இடம் கூடிற்று. ஒன்றற்குரிய பொறியில் மற்றொன்றைச் செலுத்தினால் துளைகள் கிழிந்துபோதல் கூடும்.

காலந் தாழ்த்தலாகாது

வீட்டுச் சுருள்களுள் பெரும்பாலானவை அசெட்டேட் என்னும் பொருளால் ஆனவை. பழந் திரைப்படங்களின் நைட்ரேட்டுச் சுருளைப் போல இவை எளிதில் தீப்பற்றுவன அல்ல. ஆயினும் இவற்றுக்கு வேறொரு நோய் உண்டு. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அசெட்டேட் சிதைந்து, வினிகர் எனப்படும் காடிக்குப் புளிப்பைத் தரும் அசெட்டிக் அமிலத்தை வெளியிடும். அவ்வமிலமே மேலும் சிதைவை விரைவுபடுத்தும். நாளடைவில் சுருள் சுருங்கும், வளையும், பின் ஒடியும். இந்நோய் பற்றி 1950களில் கோடாக் நிறுவனத்துக்கு எட்டிய முதற் செய்தி, இந்திய அரசின் வசம் வெம்மையிலும் ஈரத்திலும் கிடந்த சுருள்களைப் பற்றியது. ஆண்டு முழுதும் வெம்மையும் ஈரமும் ஒருங்கே நிலவும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இச்செய்தி ஓர் எச்சரிக்கையாகும். இஃதன்றி, படத்தைத் தாங்கி நிற்கும் செலாட்டின் பூச்சு பூசணத்துக்கு நல்ல உணவு.

பெட்டியைத் திறந்தவுடன் காடி மணம் வீசினால் நோய் தொடங்கிவிட்டது என்க. அச்சுருளை ஏனையவற்றினின்று பிரித்து, காற்றுப் படும்படி வைத்து, அதனையே முதலில் மாற்றுதல் வேண்டும்.

மாற்றும் முறைகள்

முறைகள் இரண்டு. முதலாவது, படவீழ்த்தியால் வெண்டாளின்மீது படத்தை ஓட்டி, அதனைக் காணொளிக் கருவியால் எடுப்பது. செலவு குறைவு, ஆனால் படம் துடிக்கும். காரணம் யாது? வீழ்த்தியில் சுழலும் மூடி, ஒளியை விட்டுவிட்டு மறைக்கிறது. மூன்று இதழ் கொண்ட மூடி, நொடிக்கு 18 படம் ஓடுகையில் 54 முறை ஒளியைப் பாய்ச்சும். காணொளிக் கருவியோ நொடிக்கு 25 அல்லது 30 படம் எடுப்பது. இரண்டும் ஒத்துவராமையால் துடிப்பு உண்டாகிறது. வீழ்த்தியின் வேகத்தை மாற்ற இயலுமாயின், நொடிக்கு 16⅔ படமாக அமைக்கலாம். அப்பொழுது ஒளி 50 முறை விழும். அது 25இன் சரியான இருமடங்கு ஆதலின் துடிப்பு அடங்கும். ஆயினும் சுருங்கிய சுருளை வீழ்த்தியின் பற்கள் கிழிக்கக்கூடும். கோடாகுரோம் வண்ணங்கள் இருளில் நெடுநாள் நிலைப்பவை. வீழ்த்தியின் விளக்கொளியிலோ விரைந்து மங்குபவை.

இரண்டாவது முறையே மேலானது. இதற்குரிய சிறு பொறி, ஒவ்வொரு படமாக நிறுத்தி, சூடு மிகாத விளக்கொளியில் தனித்தனியே பதிவு செய்கிறது. வீட்டுப் பயனுக்கான சில பொறிகள் நொடிக்கு 2 படம் எடுக்கின்றன. 50 அடிச் சூப்பர் எட்டுச் சுருளில், அடிக்கு 72 வீதம் 3,600 படங்கள் உள்ளன. எனவே 3 நிமிடம் 20 நொடிக் காட்சியை மாற்ற அரைமணி நேரம் ஆகும். பொறுமை வேண்டும், பயனும் உண்டு.

எம்முறையாயினும், முன்னதாகச் சுருளைத் தூய்மை செய்தல் நலம். பருத்திக் கையுறை அணிந்து ஓரங்களை மட்டும் தொடுக. நூல் உதிராத உலர்ந்த துணியால் மெல்லத் துடைக்க. தண்ணீர் படலாகாது, செலாட்டின் ஊறிவிடும். பழைய ஒட்டுகள் விட்டுப்போயிருந்தால் மீண்டும் ஒட்டுக.

வேகத்தைத் திருத்துதல்

பழைய எட்டு பெரும்பாலும் நொடிக்கு 16 படமாகவும், சூப்பர் எட்டு 18 படமாகவும் எடுக்கப்பட்டன. சில பொறிகள் நொடிக்கு 20 அல்லது 30 படமாகக் காணொளியை எழுதிவிடும். அதனால் மணமக்கள் பொம்மலாட்டப் பாவைகள் போல ஓடுவர். கணினியில் வேகத்தைக் குறைத்துச் சரி செய்தல் வேண்டும். இது சிறு செய்தியன்று. 1963ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டதை ஏப்ரகாம் சப்ரூடர் என்பவர் தம் 8 மில்லிமீட்டர் கருவியால் எடுத்தார். அவர் கருவியின் வேகம் நொடிக்கு 18.3 படம் எனச் சோதித்து அறிந்ததனாலேயே, அப்படத்தைக் கொண்டு நிகழ்ச்சிகளின் கால இடைவெளியைக் கணக்கிட முடிந்தது.

பெயர்களும் வேண்டும்

வீட்டுச் சுருள்களுள் பெரும்பாலானவை ஊமைப் படங்கள். மாற்றிய காணொளியில் முகங்கள் தெரியும், பெயர்கள் தெரியா. 1960இல் இருபது வயதினராய் இருந்தவர் இன்று எண்பதைக் கடந்துவிட்டார். இவர் யார், இஃது எந்தத் தோட்டம், பின்னால் தெரியும் கோவில் இன்று உள்ளதா எனச் சொல்லத்தக்கவர் அவரே. சுருளின் சிதைவைக் குளிரும் உலர்ந்த காற்றும் ஓரளவு தடுக்கும்; மனிதர் நினைவுக்கு அத்தகைய காப்பு இல்லை. ஆதலின் காணொளியை முதியோர்முன் ஓட்டி, அவர்கள் சொல்வதைக் குரற்பதிவு செய்க. தமிழாசிரியர்கள் இதனை மாணவர்க்கு ஒரு பயிற்சியாகவே தரலாம். பாட்டி சொல்லக் கேட்டுப் பேரன் எழுதும் பத்து வரிகள் குடும்பத்துக்கு வரலாறு. மாணவனுக்கு மொழிப் பயிற்சி.

இறுதியாக ஒன்று. காணொளியை மூன்று படிகளாக்கி, இரு வேறு வகைச் சாதனங்களில் வைத்து, ஒரு படியையேனும் வேறோர் இல்லத்தில் வைக்க. மூலச் சுருளை எறிந்துவிடற்க. இன்றைய பொறி காணாததை நாளைய பொறி அதிலிருந்து காட்டக்கூடும்.