முதல் ஷிப்டுக்குச் சைக்கிளில்

சென்னையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் யார் என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஹெல்மெட்டும் பளபளக்கும் உடையுமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற கூட்டம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் சைக்கிளை நம்பிப் பிழைக்கிறவர்களைப் பார்க்க வேண்டுமானால், வேலை நாளில் காலை ஏழரை மணிக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு வர வேண்டும். கேரியரில் சாப்பாட்டுப் பையை இறுக்கிக் கட்டியிருக்கும் ஃபிட்டர், இரவு டியூட்டி முடிந்து வீடு திரும்பும் செக்யூரிட்டி, பழைய சைக்கிளில் டபுள்ஸ் வரும் ஒடிசாப் பையன்கள், பின்னால் பூக்கூடை வைத்துத் தள்ளிக்கொண்டு வரும் ஒரு அம்மா. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி.

நான் குடியிருப்பது வில்லிவாக்கம். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் வேலை. லேத்திலும் சி.என்.சி. மெஷினிலும் கடைந்து வரும் உதிரி பாகங்களை வெர்னியரும் மைக்ரோமீட்டரும் வைத்து அளந்து, சரியானதை அனுப்புவதும் தப்பானதைத் திருப்புவதும் என் பொறுப்பு. முதல் ஷிப்ட் எட்டு மணிக்கு. வீட்டிலிருந்து கம்பெனி வாசல் ஆறு கிலோமீட்டர் சொச்சம். கியர் இல்லாத சாதாரண சைக்கிளில் அரை மணி நேரம் ஆகும்.

“பொம்பளைங்களுக்குத்தான் பஸ் ஃப்ரீ ஆச்சே, எதுக்குக்கா இப்படி மிதிச்சிக்கிட்டு வர்றீங்க?” என்று கூட வேலை செய்யும் பெண்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் காசில்லாமல் போகலாம். எத்தனையோ வீடுகளில் மாதக் கடைசியைத் தாண்ட அந்தத் திட்டம் கைகொடுக்கிறது. மழை கொட்டும் நாளிலும் உடம்பு முடியாத நாளிலும் நானும் அந்த பஸ்ஸில்தான் ஏறுகிறேன். ஆக, எனக்குச் சைக்கிள் காசை மிச்சம் பிடிக்கும் வழி இல்லை. அது தருவது நேரம். பஸ் எப்போது வரும், வந்தால் நிற்குமா, நின்றால் ஏற முடியுமா என்ற கவலை கிடையாது. ஏழு இருபதுக்கு வீட்டைப் பூட்டினால் ஏழு ஐம்பதுக்கு கேட்டில் இருப்பேன். பகல் முழுக்க மெஷினுக்கு, மீதி அடுப்புக்கு என்று பங்கு பிரிந்த நாளில், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத அரை மணி நேரம் காலையிலும் மாலையிலும் எனக்கே எனக்கு.

சைக்கிள் செய்த ஊர்

நாங்கள் போகும் சாலை எம்.டி.எச். ரோடு. மெட்ராஸ் – திருவள்ளூர் ஹை ரோடு. பெயர்ப்பலகையில் மெட்ராஸ் போய்ச் சென்னை வந்துவிட்டது. எங்கள் வாயில் இன்னும் எம்.டி.எச்.தான். பஸ் நிறுத்தங்களுக்குக் கம்பெனிகளின் பெயர்: லூகாஸ், பிரிட்டானியா, டன்லப். நடுவில் பாடியில், சம்பந்தர் பாடிய திருவலிதாயம் கோயில் இருக்கிறது. டன்லப் என்பது இங்கே இருந்த டயர் தொழிற்சாலையின் பெயர். அந்தப் பெயருக்குரிய ஜான் பாய்ட் டன்லப், கால்நடை மருத்துவர். 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரில், தன் மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் கரடுமுரடான தெருவில் குலுங்காமல் ஓடட்டும் என்று காற்றடைத்த டயரைச் செய்து மாட்டினார். உலகமே அதன் பிறகுதான் சுகமாக மிதிக்கத் தொடங்கியது.

1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியதும் இதே அம்பத்தூரில்தான். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று நம் ஊர்ப் பால்காரரும் தபால்காரரும் வாத்தியாரும் ஓட்டிய சைக்கிள்கள் இந்த ஊர் உழைப்பில் உருவானவை. அந்தத் தெருக்களில் சைக்கிள் ஓட்டுவதில் எனக்கு ஒரு பெருமை இருக்கிறது.

சைக்கிள் வேகத்தில் ஊர் முழுசாகக் கண்ணில் படும். எந்த டீக்கடையில் பால் பொங்குகிறது, எந்த வீட்டு வாசலில் மார்கழிக் கோலத்துக்குப் பூசணிப்பூ வைத்திருக்கிறார்கள், மாம்பழ வண்டி எந்த மூலைக்கு வந்துவிட்டது என்பதெல்லாம் தெரியும். எஸ்டேட்டுக்குள் திரும்பியதும் கட்டிங் ஆயில் வாசனை மூக்கில் ஏறும். அதற்குள் உடம்பு விழித்து, மனசு தெளிந்திருக்கும். முதல் பீஸைக் கையில் எடுக்கும்போதே கண் கூர்மையாக இருக்கும்.

காற்று, வியர்வை, பஞ்சர்

சென்னை தட்டையான ஊர். மேம்பாலங்களை விட்டால் மேடு கிடையாது. சமதரையில், நடப்பதற்கு ஆகும் உழைப்பிலேயே சைக்கிளில் ஏறக்குறைய மூன்று மடங்கு தூரம் போகலாம். நம் ஊரில் மலையின் வேலையைக் காற்று செய்கிறது. ஜூன், ஜூலை மாதங்களில் காலையில் மேல்காற்று. நான் மேற்கே போகிறேன், எதிர்க்காற்று. பகலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று வருகிறது. மாலையில் நான் கிழக்கே திரும்பும்போது அந்தக் கடற்காற்றும் எதிரே நிற்கும். மேற்கே ஆவடியிலிருந்து பாடிக்கு வேலைக்கு வருகிறவருக்கு அதே நாளில் இரண்டு வேளையும் காற்று முதுகில். முகத்தில் மோதும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தடுக்கும் விசை நான்கு மடங்காகும். அதனால் அதனோடு மல்லுக்கட்டக் கூடாது. முழங்கையை மடக்கிக் கொஞ்சம் குனிந்து, வேகத்தைக் குறைத்து, ஐந்து நிமிடம் முன்னால் கிளம்பினால் போதும்.

வியர்வைதான் எல்லோரும் முதலில் சொல்லும் தடை. ஓடும்போது காற்று பட்டு வியர்வை உலர்ந்துவிடும். இறங்கி நின்ற பிறகுதான் ஊற்றும். ஆகவே கடைசி அரைக் கிலோமீட்டரை நடக்கிற வேகத்தில் மிதிப்பேன். ஈரத் துண்டால் கழுத்தையும் கையையும் துடைத்துவிட்டு, பையில் மடித்து வைத்திருக்கும் யூனிஃபார்மை மாற்றிக்கொள்வேன். பத்து நிமிட வேலை.

எஸ்டேட் சாலைகளில் பஞ்சருக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. கழிவு இரும்பு ஏற்றிப் போகும் வண்டிகளிலிருந்து கடைசல் சுருள் சிந்தும். முடி கனத்துக்கு இருக்கும் அந்த இரும்பு, டயரில் குத்தி உள்ளேயே தங்கிவிடும். பஞ்சர் ஒட்டுவதைக் கவனித்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டுவது பாதி வேலை. டயரின் உட்புறம் முழுக்க விரலால் தடவிப் பார்த்து, குத்திய துணுக்கை எடுப்பது மீதிப் பாதி. அதை விட்டுவிட்டால் அடுத்த தெருவிலேயே மறுபடியும் காற்று இறங்கும். சொல்யூஷன் தடவியதும் அவசரப்பட்டு ஒட்டவும் கூடாது. ஈரம் காய்ந்து, தொட்டால் பிசுக்கென்று இழுக்கும் பதம் வர வேண்டும். நான் வழக்கமாகப் போகும் கடை அண்ணன் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு, “காத்து மட்டும் வாரா வாரம் அடிச்சிடும்மா, பாதிப் பஞ்சர் கொறைஞ்சிடும்” என்பார். உண்மை. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்குகிறது. நாம் மிதிக்கும் உழைப்பு அந்த நசுங்கலிலேயே போய்விடுகிறது.

மழைக்காலத்துக்கு ஒரு பாடம். நனைந்த ஸ்டீல் ரிம்மில் பிரேக் கட்டை உடனே பிடிக்காது. சிக்னலுக்கு வெகு தூரம் முன்னாலேயே மெல்லப் பிடித்து, ரிம்மில் உள்ள தண்ணீரைத் துடைத்துக்கொண்டே வர வேண்டும்.

அம்மா ஓட்டிய ஜென்ட்ஸ் சைக்கிள்

ஒரு பெண் நடுத்தர வயதில் சைக்கிளில் வேலைக்குப் போவதை வேடிக்கை பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கூச்சம் சிறு வயதிலேயே போய்விட்டது, அம்மாவால். எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கும் யோசனையை முன்னெடுத்தார். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தார். லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்.

கல் குவாரியில் வேலை செய்த என் அம்மாவும் அவர்களில் ஒருவர். இருட்டிய பிறகு பள்ளிக்கூட மைதானத்தில்தான் பழகினார். லேடீஸ் சைக்கிள் கிடைப்பது பெரும்பாடாக இருந்ததால் பெண்கள் பலரும் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். பிறகு அதையே விரும்பவும் செய்தார்கள். முன்னால் பார் இருக்கிறதே, பிள்ளையை உட்கார வைக்கலாம். அந்தப் பாரில் உட்கார்ந்து போன பிள்ளை நான். ஊர் ஆண்கள் கேலி பேசியதற்கெல்லாம் அம்மா காது கொடுக்கவில்லை. “பஸ்ஸுக்குக் காத்துக் கெடந்தே பாதி ஆயுசு போச்சுடி, மீதிய நான் எதுக்கு விடணும்?” என்பார். தண்ணீர்க்குடம், விறகு, ரேஷன் அரிசி, ஆஸ்பத்திரி எல்லாம் அந்தச் சைக்கிளில்தான்.

என் கையில் இல்லாதது

காற்றுக்கும் வியர்வைக்கும் பஞ்சருக்கும் கூச்சத்துக்கும் நான் வழி கண்டுபிடித்துவிட்டேன். சாலைக்கு மட்டும் என்னால் முடியவில்லை. அது ஒரு தனி ஆள் சமாளிக்கக்கூடியது இல்லை.

நாம் இடப்பக்கம் ஓட்டும் நாடு. சைக்கிள் இடது ஓரத்தில் போக வேண்டும் என்பது வழக்கம். பெரிய மேம்பாலச் சந்திப்புகளில் இணைப்புச் சாலையும் இடப்பக்கத்திலிருந்துதான் வந்து சேர்கிறது. ஓரமாகப் போய்க்கொண்டிருந்த நான் திடீரென்று இரண்டு வாகன வெள்ளங்களுக்கு நடுவே இருப்பேன். வலப்பக்கம் லாரி, இடப்பக்கம் வேகம் எடுத்து வரும் கார். கையைக் காட்டினாலும் யாரும் நிதானிப்பது அரிது. தினமும் என் நெஞ்சு படபடக்கும் இடம் அதுதான்.

மற்றவை சின்னச் சின்னதாகத் தோன்றும். ஓரத்தில் நிறுத்திய லாரியைச் சுற்றிப் போக நடுச்சாலைக்கு வந்தாக வேண்டும். அந்த நொடியில் பின்னால் ஹாரன் அலறும். நிறுத்திய காரின் கதவு பார்க்காமல் திறக்கும். ராங் சைடில் பைக் வரும். மழைநீர் வடிகால் மூடியின் கம்பிகள் சாலையின் நீளவாக்கில் இருந்தால் சைக்கிள் டயர் அந்தச் சந்தில் இறங்கிவிடும். தோண்டி மூடிய பள்ளத்தைத் தண்ணீர் மறைத்துவிடும். இவை ஒவ்வொன்றும் மோட்டார் வாகனத்தில் போகிறவருக்கு ஒரு குலுக்கல், எங்களுக்கு ஆஸ்பத்திரி.

2014-ல் சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. இந்திய நகரங்களுக்கு அது முன்மாதிரி. 2019-ல் தி.நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை திறக்கப்பட்டது. கடைத்தெருவில் குழந்தையைக் கைப்பிடித்து நிம்மதியாக நடக்க முடியும் என்று ஊருக்கே தெரிந்தது. அந்த நிம்மதி தொழிற்பேட்டைச் சாலைகளுக்கும் வர வேண்டும்.

எங்களுக்குத் தேவையானவை பெரிய செலவுள்ளவையும் இல்லை. வடிகால் மூடியைக் குறுக்குவாக்கில் திருப்பிப் போடலாம். இணைப்புச் சாலை சேரும் இடத்தில் சைக்கிளுக்கென்று வண்ணம் பூசிய பட்டையும் ஒரு வேகத்தடையும் போதும். ஷிப்ட் மாறும் நேரங்களில் இடது ஓரத்தில் லாரி நிற்கக் கூடாது என்று சொல்லலாம். கம்பெனிகள் சைக்கிள் நிறுத்தக் கூரையும், பெண்கள் உடை மாற்ற ஒரு சிறு அறையும் தரலாம்.

2001-02ஆம் கல்வியாண்டில் சில பிரிவு மாணவிகளுக்குத் தொடங்கி, பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது அரசின் விலையில்லா சைக்கிள் திட்டம். இன்றும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பிள்ளைகள் கையில் சைக்கிள் வருகிறது. படித்து முடித்து நகரத்துக்கு வேலைக்கு வந்ததும் அவர்களில் எத்தனை பேர் அதைத் தொடர்கிறார்கள்? எங்கள் கம்பெனிக்குப் புதிதாக வரும் பெண்களிடம் கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “ஓட்டத் தெரியும்க்கா, இந்த ரோட்டுல பயமா இருக்கு.” கையில் சைக்கிளும் இருக்கிறது, காலில் பலமும் இருக்கிறது. மிச்சம் வேண்டியது ஒரு மீட்டர் அகலச் சாலை.

சைக்கிள் பாதை என்றதும் கடற்கரையை ஒட்டி வரைபடம் போடுகிறார்கள். அங்கேயும் வரட்டும். ஆனால் எங்கே முதலில் போடுவது என்று தீர்மானிக்கிறவர்கள் ஒரு நாள் காலை ஏழரைக்கு எஸ்டேட் வாசலில் நின்று, எத்தனை சைக்கிள் உள்ளே வருகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை இருந்தால்தான் கோரிக்கைக்குக் கனம் வரும். உங்கள் வேலையிடம் ஐந்தாறு கிலோமீட்டருக்குள் இருந்தால், மாடிப்படிக்குக் கீழே நிற்கும் சைக்கிளுக்கு இந்த வாரம் காற்றடித்து வெளியே எடுங்கள். எண்ணும்போது நீங்களும் கணக்கில் இருக்க வேண்டும்.