மேல்தோலுக்கு உத்தரவு கீழிருந்து

ஈறு இறங்கிப் பல்லின் வேர் வெளியே தெரியத் தொடங்கிவிட்டால் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசும். இறங்கிய ஈறு தானாக ஏறி வருவதில்லை. அதை மூடத் தேவையான திசுவைப் பல் மருத்துவர் அதே வாயிலிருந்து எடுக்கிறார்: மேலண்ணத்தில், ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் ஒரு பட்டை. ரத்த ஓட்டம் அறுந்துவிட்டதால் அது வெளுத்துப்போய் இருக்கும். புதிய இடத்தில் வைத்துத் தைத்ததும் ஈரப் பஞ்சுத்துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடிப்பார். பட்டைக்கு அடியில் ரத்தம் தேங்கிக் கட்டிவிட்டால் ஒட்டு பிழைக்காது.

முதல் இரண்டு மூன்று நாட்கள் அதற்கென்று ரத்தக்குழாய் கிடையாது. கீழே கசியும் நீரை உறிஞ்சித்தான் உயிர் தரிக்கிறது, நட்ட நாற்று பச்சை பிடிக்கும் வரை துவண்டு கிடப்பதைப் போல. பிறகு அடியிலிருந்து நுண்குழாய்கள் நீண்டு வந்து பட்டைக்குள் நுழைகின்றன. இதற்கிடையில் மேற்படலம் வெள்ளையாக உரியும். ஒட்டு செத்துவிட்டது என்று நோயாளி பதறுவது அப்போதுதான். உரிந்தால் உரியட்டும். அடியில் உள்ள இணைப்புத்திசு பிழைத்தால் போதும்.

ஏன் போதும் என்பதற்கு 1975-இல் காரிங், லாங், லோ ஆகிய மூவரும் வெளியிட்ட குரங்குச் சோதனை பதில் சொன்னது. ஈறின் மேற்படலத்தை நீக்கிவிட்டு, இணைப்புத்திசுவை மட்டும் ஈறுக்கு அப்பாலுள்ள மெல்லிய, வழுவழுப்பான சவ்வுக்கு அடியில் புதைத்தார்கள். அது ஒட்டிக்கொண்ட பின் மேலே இருந்ததை அகற்றினார்கள். சுற்றியிருந்த மெல்லிய சவ்வின் செல்கள்தான் ஊர்ந்து வந்து அந்த இடத்தை மூடின. ஆனால் மூடிய படலமோ ஈறைப் போலவே கெட்டிப்பட்டு வளர்ந்தது! வந்த செல்கள் எங்கிருந்து வந்தால் என்ன, எப்படி வளர வேண்டும் என்பதை அடியில் இருந்த திசு தீர்மானித்துவிட்டது.

செல்களுக்கு இப்படிச் சேதி சொல்லும் புரதங்களில் ஒரு வகைதான் வளர்ச்சிக் காரணிகள். அவற்றில் ஒன்றை ஸ்டான்லி கோஹன் கண்டெடுத்ததும் ஒரு வாயிலிருந்துதான், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து. அந்தச் சாற்றை ஊசி போட்ட எலிக்குஞ்சுகள் நாள் வருமுன்னே கண் திறந்தன; பல்லும் முன்னதாகவே முளைத்தது. 1986-இல் ரீட்டா லெவி-மொண்டால்சினியோடு அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இன்று பல் மருத்துவர்கள் வளர்ச்சிக் காரணிகளை நோயாளியின் கையிலிருந்தே எடுக்கிறார்கள். பிரான்சில் ஜோசஃப் ஷூக்ரூன் 2001-இல் அறிமுகப்படுத்திய முறை அது. உறைவதைத் தடுக்கும் மருந்து எதையும் சேர்க்காமல் ரத்தத்தைக் குழாயில் பிடித்து, உடனே இயந்திரத்தில் சுற்றவிட வேண்டும். தாமதித்தால் குழாய்க்குள்ளேயே கண்டபடி உறைந்துவிடும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் அடியில் சிவப்பணுக்கள், மேலே தெளிந்த திரவம், நடுவே மஞ்சள் நிற ஃபைப்ரின் கட்டி. இதில் சிக்கிய தட்டணுக்கள் பல நாட்களுக்கு வளர்ச்சிக் காரணிகளைக் கசியவிடுகின்றன. அழுத்தினால் கட்டி படலமாகிவிடும், தையல் போடலாம்.

விளம்பரங்கள் இதை மந்திரம் போல விற்கின்றன. வேரை மூடுவதில் அண்ணத்து ஒட்டுதான் இன்னும் முந்தி நிற்கிறது. படலம் நன்றாகக் கைகொடுப்பது, பட்டையை வெட்டியெடுத்த அண்ணத்துக் காயத்தில். வலியைக் குறைத்துப் புண்ணைச் சீக்கிரம் ஆற்றுகிறது.

புற்றுநோய்க்காக நாக்கையோ கன்னத்தையோ வெட்டிய வாயில் கதை வேறு. வளரச் சொல்லும் சேதி மிச்சமிருக்கும் புற்றுச்செல்லின் காதிலும் விழலாம் என்பதால், மருந்தாக விற்கப்படும் வளர்ச்சிக் காரணிகளைப் புற்றுக்கட்டி இருந்த இடத்தில் வைக்கக் கூடாது. அங்கே பெரும்பாலும் முன்கைத் தோலை ரத்தக்குழாயோடு எடுத்து வைத்து, நுண்ணோக்கியின் கீழ்க் கழுத்துக் குழாய்களோடு இணைக்கிறார்கள். அந்தத் தோல் வாய்க்குள் போயும் கைத்தோலாகவே இருக்கிறது. கதிர்வீச்சுச் சிகிச்சை பெறாத சிலருக்கு நாக்கின் மேல் ரோமம் முளைக்கிறது. லேசர் வைத்து நீக்க வேண்டியிருக்கிறது.