வாடும் தென்னம்பிள்ளை: நோய் காணலும் பரிகாரமும்

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் அமைந்த விசுவமடுவிலும் அதனைச் சூழ்ந்த குடியேற்றக் கிராமங்களிலும் தென்னை இல்லாத வளவு அரிது. 2009 ஆம் ஆண்டுப் போரின்போது இப்பகுதி மக்கள் முற்றாக இடம்பெயர்ந்தனர். எறிகணைகளால் வட்டிழந்து நின்ற மரங்கள் பல. மீளக்குடியமர்ந்தோர் அவ்விடங்களில் புதிய பிள்ளைகளை நாட்டினர். நெட்டைத் தென்னை பூப்பதற்கு ஏறக்குறைய ஆறேழு ஆண்டுகள் செல்லும். நான்காம் ஆண்டில் ஒரு பிள்ளை பட்டுப்போகுமாயின், நான்கு கோடைகளில் கிணற்றிலிருந்து சுமந்து வார்த்த நீரும் உழைப்பும் வீணாகும். ஆதலால் நோயைக் காலத்தோடு இனங்காணுதல் கமக்காரரின் முதற் கடமையாகும்.

பிள்ளை வாடக் கண்டவுடன் நீரை மிகுதியாக வார்ப்பதும், பசளையை அள்ளியிடுவதும், வயலுக்கு வாங்கிய நாசினியின் மிச்சத்தைத் தெளிப்பதும் பலரிடத்து உள்ள வழக்கம். இவை பெரும்பாலும் பயன்தருவதில்லை. சில வேளை தீங்கும் விளைக்கும். பரிகாரி நாடி பார்த்த பின்னரே மருந்து கொடுப்பார். அவ்வாறே தென்னையையும் அடியிலிருந்து நுனிவரை முறையாகப் பார்த்தல் வேண்டும்.

1. அடியும் வேரும்

மாரி மழையின் பின் பிள்ளையின் பாத்தியில் நீர் பல நாள் தேங்கி நிற்குமாயின் வேர்கள் மூச்சின்றி அழுகும். ஓலைகள் யாவும் ஒருங்கே வெளிறி மஞ்சளாகும். இதற்கு மருந்து தேவையில்லை. சிறு வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டாற் போதும். கோடையில் அடி ஓலைகள் முதலில் தொங்கிக் காய்ந்து, குருத்து பசுமையாக நிற்குமாயின் அது நீர்க்குறைவின் அறிகுறி. அப்போது நீர் வார்ப்பதோடு, தும்புமட்டை, காய்ந்த ஓலை, சருகு ஆகியவற்றால் அடியைச் சுற்றி மூடுபடை இடுதல் நன்று. மூடுபடை தண்டைத் தொடாதிருக்க வேண்டும். இளங் கன்றின் அடியில் மண்புற்றுப் படிந்திருக்கிறதா எனக் கறையானையும் தேடுக.

2. முதிர்ந்த ஓலைகள்

குருத்து நலமாக இருக்க, முதிர்ந்த ஓலைகள் மட்டும் நிறம் மாறுவது பெரும்பாலும் ஊட்டக் குறைவாகும். ஈர்க்கையொட்டிய பகுதி பச்சையாகவும் ஓரங்கள் மஞ்சளாகவும் காணப்படின் மகனீசியம் குறைவு. தொலமைற்று இடுதல் தகும். ஓலையில் செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றி ஓரம் கருகின் பொட்டாசுக் குறைவு எனக் கொள்ளலாம். கீழ் ஓலைகளின் மேற்புறத்தில் கரிபூசியது போன்ற படலம் காணப்படின், அதற்கு மேலுள்ள ஓலையின் அடிப்புறத்தைப் பார்க்க. அங்கே வெள்ளை ஈக்கள் இருக்கும். அவற்றை வலுவான நீர்த்தாரையால் அடித்துக் கழுவுக. கண்டபடி நாசினி தெளித்தால் வெள்ளை ஈயை அழிக்கும் நன்மை செய்யும் பூச்சிகளே முதலில் மடியும்.

3. குருத்து

விரிந்த ஓலைகள் கத்தரியால் வெட்டிய விசிறிபோற் காணப்படுவது கருவண்டின் வேலை. இவ்வண்டு விரியாத குருத்தைத் துளைத்து உட்செல்வதால், ஓலை விரியும்போது வெட்டு ஒழுங்காகத் தெரிகின்றது. துளையில் கொளுக்கிக் கம்பியைச் செலுத்தி வண்டை இழுத்தெடுக்க வேண்டும். பின்னர் குருத்தையடுத்த மட்டைக் கக்கங்களில் வேப்பம் பிண்ணாக்கையும் மணலையும் கலந்து இடுக. கருவண்டு எருக்குவியலிலும் உக்கிய தென்னங் குற்றியிலும் முட்டையிடும். போரில் பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் வளவில் இன்னும் உக்கிக் கிடப்பின், அவற்றை அகற்றி எரித்தாலன்றி வண்டு குறையாது.

மழைக்காலத்தில் குருத்து வெளிறிச் சாய்ந்து, மெல்ல இழுத்தவுடன் துர்நாற்றத்தோடு கையோடு வருமாயின் அது குருத்தழுகல். அழுகிய பகுதியை நல்ல இழையம் தோன்றும்வரை செதுக்கியெடுத்து எரித்துவிடுக. வெட்டிய இடத்தில் போர்டோப் பசையைப் பூசி, புதிய குருத்து வரும்வரை மழைநீர் புகாதபடி மூடிவைக்க வேண்டும். பசைக்கு 100 கிராம் மயில்துத்தத்தை அரை லீற்றர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லீற்றர் நீரிலும் வெவ்வேறாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்குக. உலோகப் பாத்திரம் ஆகாது. மண் அல்லது பிளாத்திக்குப் பாத்திரமே ஏற்றது. அதே அளவு துத்தத்தையும் சுண்ணாம்பையும் மொத்தம் 10 லீற்றர் நீரிற் கரைத்தால், அயலிலுள்ள பிள்ளைகளின் குருத்துக்குத் தெளிக்கும் கலவையாகும். துலக்கிய கத்தியை அதில் தோய்த்துப் பார்க்கையிற் செம்பு படியின் மேலும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

4. தண்டு

எல்லாவற்றிலும் கொடியது செவ்வண்டு. மூன்று முதல் பத்து வயதுவரையான பிள்ளைகளையே இது பெரிதும் தாக்கும். பெண் வண்டு தண்டிலுள்ள காயத்தின் வாசனையை நாடிவந்து முட்டையிடும். ஒரு வண்டு 200க்கு மேற்பட்ட முட்டைகளை இடவல்லது. சில நாளிற் பொரிக்கும் காலற்ற வெண்மஞ்சட் புழுக்கள் தண்டின் மென்பகுதியைத் தின்று வளர்ந்து, தும்பினால் கூடு கட்டும். முட்டை வண்டாக மாற மூன்று நான்கு மாதங்கள் ஆகும். வெளியே மரம் பசுமையாக நிற்க, உள்ளே அது கோறையாகிக்கொண்டிருக்கும். வட்டுச் சாய்ந்த பின்னரே பலர் அறிகின்றனர்.

ஆதலால் மாதம் ஒருமுறை தண்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். சிறு துவாரம், அதிலிருந்து வடியும் கபிலநிறச் சாறு, வெளித்தள்ளிய தும்புச் சக்கை, புளித்த நாற்றம், வெடித்த மட்டையடி ஆகியவை அறிகுறிகள். காதைத் தண்டோடு சேர்த்து வைத்தால் புழுக்கள் அரிக்கும் ஓசை கேட்பதும் உண்டு.

குருத்து உறுதியாக நிற்குமாயின் மரத்தைக் காப்பாற்றலாம். கீழ்த் துவாரங்களைக் களிமண்ணால் அடைத்து, எல்லாவற்றிற்கும் மேலே சரிவாகத் துளையிட்டு மருந்து செலுத்தி, அதனையும் அடைத்துவிடுவது முறை. மருந்தின் பெயரையும் அளவையும் தெங்குப் பயிர்ச்செய்கைச் சபை உத்தியோகத்தரிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும். முன்னர் வழங்கிய சில மருந்துகள் இன்று தடைசெய்யப்பட்டுள்ளன. காய்க்கும் மரமாயின் தேங்காய், இளநீர் யாவற்றையும் முன்னரே பறித்து, குறித்த காலம்வரை மீண்டும் பறியாதிருத்தல் வேண்டும். வட்டுச் சாய்ந்துவிட்டால் இரக்கம் கொள்ளலாகாது. மரத்தைத் தறித்துப் பிளந்து, புழுவுள்ள பகுதியை எரித்துவிடுக. நின்றபடி விட்டால் அதிலிருந்து வெளிவரும் வண்டுகள் அயல் வளவுகளுக்கும் செல்லும்.

5. வருமுன் காத்தல்

செவ்வண்டுக்கு வாசல் திறப்பவர் பெரும்பாலும் வளவுக்காரரே. வேலி அடைப்பதற்காகப் பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்ட வெட்டுவதும், மண்வெட்டியால் அடியைக் காயப்படுத்துவதும், ஏறுவதற்குக் கொத்துப் படி வெட்டுவதும் ஆகா. பச்சை மட்டையை வெட்ட நேரின் தண்டிலிருந்து நான்கு அடி விட்டே வெட்டுக. தண்டிற் காயம் பட்டால் அன்றே தார் பூசுக. கருவண்டு துளைத்த இடத்திலும் செவ்வண்டு நுழையுமாதலால், முன்னதை அடக்குவது பின்னதையும் தடுக்கும்.

காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை மாவட்டங்களில் வெலிகம ஓலைவாடல் நோய் உள்ளது. அங்கிருந்து தென்னங் கன்றுகளைக் கொணர்தல் கூடாது. கன்றுகளை அங்கீகாரம் பெற்ற நாற்றுமேடைகளிலேயே வாங்குக.

காலையில் வளவைச் சுற்றிவரும்போது ஒவ்வொரு பிள்ளையின் குருத்தையும் தண்டையும் ஒரு கணம் நின்று நோக்குதல் செலவில்லாத காவல். நோயைத் தொடக்கத்திற் கண்டவர் ஒரு பிடி களிமண்ணோடும் சிறிதளவு மருந்தோடும் மரத்தை மீட்பர். பிந்திக் கண்டவர் கோடரியையே எடுக்க நேரும்.