தோண்டுவதற்கு முன் பார்த்தல்: வீட்டுக் கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா

தாணே மாவட்டத்தில், மத்திய ரயில்வேயின் கல்யாண்–கர்ஜத் தடத்தில் உள்ள அம்பர்நாத், வால்துனி ஆற்றங்கரையில் கி.பி. 1060-ஆம் ஆண்டுக் கல்வெட்டைத் தாங்கி நிற்கும் சிவன் கோயிலாலும் ஊரைச் சூழ்ந்த தொழிற்பேட்டைகளாலும் பெயர்பெற்ற ஊர். 1983-இல் கல்யாண் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டு 1992-இல் மீண்டும் தனி நகராட்சியான இங்கே, மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வீட்டு விலை கைக்கெட்டாமல் போனபின் ரயில் தடத்தையொட்டி நகர்ந்து வந்த தமிழ்க் குடும்பங்களும் வசிக்கின்றன. இத்தகைய ஊர்களின் அடுக்குமாடிக் கட்டடங்களை நிர்வகிக்கும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்கள், அதாவது சொசைட்டிகள், ஆண்டுதோறும் சந்திக்கும் தொல்லைகளில் ஒன்று கழிவுநீர் அடைப்பு. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஏற்படும் இந்தக் கோளாற்றை, தரையை உடைக்காமலும் மனிதரை உள்ளே இறக்காமலும் கண்டறிய உதவுவதே குழாய்க்குள் செலுத்தப்படும் வீடியோ கேமரா.

கட்டடத்தின் கழிவுநீர் செல்லும் வழியை முதலில் அறிந்துகொண்டால் கேமராவின் பயன் எளிதில் விளங்கும். குளியலறைத் தரையில் உள்ள வடிவாயை மும்பைப் பிளம்பர்கள் 'நஹானி ட்ராப்' என்பர். எப்போதும் சிறிது நீரைத் தேக்கி வைத்து, சாக்கடை வாயு வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அதன் வேலை. அங்கிருந்தும் கழிப்பறையிலிருந்தும் இறங்கும் நீர், சுவரையொட்டிய செங்குத்துக் குழாய்களின் வழியே தரைமட்டத்துக்கு வந்து, மூடியிட்ட சிறு தொட்டிகளான சேம்பர்களை ஒவ்வொன்றாகக் கடந்து, மதிற்சுவருக்கு வெளியே உள்ள பாதாளச் சாக்கடையிலோ, அது இல்லாத இடத்தில் செப்டிக் டாங்கிலோ சேர்கிறது. சேம்பர்களை இணைக்கும் குழாய் பெரும்பாலும் 100 அல்லது 150 மில்லிமீட்டர் விட்டமே உடையது. முன்னதற்கு 40 அடிக்கு ஓரடி, பின்னதற்கு 60 அடிக்கு ஓரடி என்ற அளவில் சரிவு இருக்க வேண்டும் என்பது கட்டுமானத் துறையின் பழைய கணக்கு. நீர் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் கசடு அடியில் படியாமல் அடித்துச் செல்லப்படும் என்பதே அந்தக் கணக்கின் அடிப்படை.

மண் அமுங்கியோ மேலே வண்டிகள் ஓடியோ இந்தச் சரிவு கெட்டுவிட்டால், அடைப்பை எத்தனை முறை நீக்கினாலும் அது மீண்டும் வரும். மூங்கில் பட்டையை விட்டுக் குத்துவதும், உயர் அழுத்த நீரைப் பாய்ச்சும் ஜெட்டிங் வண்டியை வரவழைப்பதும் கசடை அகற்றுமே தவிர, கசடு ஏன் அங்கே தங்கியது என்று சொல்வதில்லை. காரணம் தெரியாத நிலையில் பிளம்பரின் ஊகத்தை நம்பி வளாகத் தரையை மூன்று நான்கு இடங்களில் உடைத்துப் பார்ப்பதே வழக்கமாக இருந்து வருகிறது.

வீட்டுக் குழாய்களுக்கு உகந்தது தள்ளு கேமரா. கட்டைவிரல் பருமன் உள்ள அதன் உலோகத் தலையில் கண்ணாடியைச் சுற்றி எல்.இ.டி. விளக்குகள் வளையமாகப் பதிந்திருக்கும். வளையக்கூடிய ஆனால் மடங்காத கண்ணாடியிழைத் தண்டின் நுனியில் அது பொருத்தப்பட்டு, பல மீட்டர் நீளத்துக்கு உருளையில் சுற்றப்பட்டிருக்கும். சேம்பர் வழியே பணியாளர் தண்டைத் தள்ளத் தள்ள, எத்தனை மீட்டர் உள்ளே போயிருக்கிறது என்ற எண் திரையின் ஓரத்தில் ஏறிக்கொண்டே வரும். தெருவடியில் உள்ள பெரிய குழாய்களில், சக்கரங்களில் தானே ஊர்ந்து சென்று தலையைத் திருப்பிப் பார்க்கும் கேமரா வண்டி பயன்படுகிறது. தள்ளு கேமராவின் தலைக்கருகே பெரும்பாலும் 512 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் சமிக்ஞை அனுப்பும் சிறு கருவி ஒன்றும் இருக்கும். தரைக்கு மேலே ஒருவர் ஏற்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தால், கேமரா எந்த இடத்தின் அடியில், எத்தனை ஆழத்தில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். படத்தைவிட இந்த இடக்குறிப்பே விலைமதிப்புள்ளது. ஏனெனில், வளாகம் முழுவதையும் கிளறாமல் ஒரே இடத்தில் ஒரே குழி வெட்ட வழிசெய்வது அதுதான்.

திரையில் தெரிவதைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். பழைய கட்டடங்களில் உள்ள பீங்கான் மண் குழாய்கள் குட்டையானவை என்பதால், சிறிது தூரத்துக்கு ஒன்றாக இணைப்பு வளையங்கள் வந்துகொண்டே இருக்கும். அரசமரமோ ஆலமரமோ அருகில் இருந்தால், அந்த இணைப்புகளின் இடுக்கில் நூல் நூலாக வேர்கள் தொங்கும். ஒரு வளையம் அடுத்ததோடு சேராமல் பிறைபோல் விலகியிருந்தால் அது இணைப்பு நழுவல். அடியில் மெல்லிய கோடாக ஓடிய நீர் வரவர உயர்ந்து கேமராவின் கண்ணையே மூழ்கடித்து, சில மீட்டர் கழித்து மீண்டும் தாழ்ந்தால், குழாய் அவ்விடத்தில் தொய்ந்திருக்கிறது என்று பொருள். சமையலறை எண்ணெய் உறைந்து மேற்புறத்தில் வெண்மையாகப் படிவதையும், சானிட்டரி நாப்கின்கள் முடிச்சாகச் சிக்கியிருப்பதையும், உடைந்த பகுதியின் வழியே வெளிமண் தெரிவதையும் இதே திரையில் காணலாம்.

இந்தப் பதிவு பணத்தகராறுகளையும் தீர்க்கிறது. மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரித் துணைவிதிகளின்படி, வெளிப்புறப் பொது வடிகால் குழாய்களின் கசிவைச் சீர்செய்யும் செலவு சொசைட்டியைச் சேர்ந்தது. ஒரு வீட்டுக்குள் கழிப்பறையிலோ பாத்திரம் கழுவும் தொட்டியிலோ ஏற்படும் கசிவு அந்த வீட்டு உறுப்பினரைச் சேர்ந்தது. மதிற்சுவருக்கு அப்பால் உள்ள பொதுச் சாக்கடை நகராட்சியின் பொறுப்பு. அடைப்பு எந்தப் பக்கம் என்பதில் மாதக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடத்துவதைவிட, கடைசி சேம்பரிலிருந்து இத்தனையாவது மீட்டரில் கோளாறு என்று காட்டும் பதிவை விண்ணப்பத்தோடு இணைப்பது பலனளிக்கும்.

அடைப்பைவிட ஆபத்தானது கசிவு. மும்பைப் புறநகர்களில் குடிநீர் நாள் முழுவதும் வருவதில்லை; விநியோகம் நின்றபின் குடிநீர்க் குழாயில் அழுத்தம் குறைவதால், அருகிலுள்ள உடைந்த சாக்கடைக் குழாயின் கழிவு, விரிசல்கள் வழியே அதற்குள் உறிஞ்சப்படக்கூடும். கொங்கண மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறும்போது இதற்கு நேர்மாறாக வெளிநீர் சாக்கடைக் குழாய்க்குள் புகுந்து, சேம்பர்களைப் பொங்கச் செய்கிறது. ஆகவே கோடையில் எடுக்கும் பதிவு உடைப்புகளைத் தெளிவாகக் காட்டினாலும், நீர் ஊறும் இடங்களைக் காட்டுவதற்கு மழைக்காலப் பதிவே சிறந்தது.

கேமராவை நாடுவதற்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் மனித உயிர். கழிவு அழுகும் இடத்தில் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு காற்றைவிடக் கனமானதாகையால் குழியின் அடியில் தேங்கும்; செறிவு மிகும்போது மூக்கின் உணர்வையே அது மழுங்கடித்துவிடுவதால், இறங்கியவருக்கு ஆபத்து நெருங்குவது தெரிவதில்லை. 2019 டிசம்பரில், செம்பூரை அடுத்த கோவண்டியில் ஒரு சொசைட்டியின் செப்டிக் டாங்கைச் சுத்தம் செய்ய இறக்கப்பட்ட மூவர் மூச்சுத்திணறி இறந்தனர்; அவர்களுடைய மனைவியர் தொடுத்த வழக்கில், தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கும்படி 2021-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாப்புக் கருவிகளும் ஏற்பாடுகளும் இன்றிச் சாக்கடையிலோ செப்டிக் டாங்கிலோ ஒருவரை இறக்கி வேலை வாங்குவது குற்றம். முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறையும் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. இது நகராட்சியை மட்டுமன்றித் தனியாரையும் கட்டுப்படுத்துவதால், ஒப்பந்ததாரர் செய்த தவறு என்று சொசைட்டி நிர்வாகிகள் எளிதில் ஒதுங்கிவிட முடியாது. இத்தகைய மரணங்களுக்கு 2014-இல் 10 லட்சமாக இருந்த இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது.

குழியில் மனிதருக்குப் பதிலாக இறங்கும் கருவிகளும் இந்தியாவிலேயே உருவாகி வருகின்றன. கேரளத்தின் ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'பாண்டிகூட்' என்ற இயந்திரம் 2018-இல் திருவனந்தபுரத்தில் பணிக்கு வந்தது. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் செப்டிக் டாங்குகளுக்காக 'ஹோமோசெப்' கருவியை வடிவமைத்தனர். அங்கே வளர்ந்த சோலினாஸ் நிறுவனத்தின் 'எண்டோபாட்', குடிநீர்க் குழாய்களுக்குள்ளும் கழிவுநீர்க் குழாய்களுக்குள்ளும் ஊர்ந்து குறைகளைப் பதிவுசெய்கிறது.

கேமராவால் ஆகாதவையும் உண்டு. கழிவு நிறைந்து நிற்கும் குழாயில் அதற்கு எதுவும் தெரியாது என்பதால், முதலில் ஜெட்டிங் செய்து குழாயைக் கழுவ வேண்டும். குழாய்க்கு வெளியே மண் அரித்து ஏற்பட்ட வெற்றிடத்தையும் அது காட்டாது. ஒரு வீட்டின் கழிவு மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகக் கலந்து வால்துனிக்குப் போகிறதா என்று அறிய, கழிப்பறையில் சாயநீரை ஊற்றி அது எந்த சேம்பரில் வெளிப்படுகிறது என்று பார்ப்பதே எளிய வழி. பழுது கண்டபின்பும், பிசினில் ஊறிய துணிக்குழலைப் பழைய குழாய்க்குள் செலுத்தி இறுகச் செய்யும் முறை விரிசலுக்கும் வேருக்கும் பயன்படுமே தவிர, தொய்வை நிமிர்த்தாது. தொய்ந்த பகுதியைத் தோண்டி மாற்றியே ஆக வேண்டும்.

எனவே கேமரா ஆய்வுக்குப் பணம் கொடுக்கும் சொசைட்டி, அடைப்பு நீங்கியதா என்று மட்டும் பார்த்து நின்றுவிடக் கூடாது. எந்த சேம்பரிலிருந்து எந்த சேம்பர் வரை, எத்தனையாவது மீட்டரில் என்ன குறை, எத்தனை ஆழத்தில் என்ற குறிப்புகளோடு முழு வீடியோவையும் பெற்று, கட்டட வரைபடங்களோடு சேர்த்து வைப்பது அவசியம். நிர்வாகக் குழு மாறினாலும் பிளம்பர் மாறினாலும், அடுத்த அடைப்பின்போது இந்தக் கோப்பிலிருந்தே வேலையைத் தொடங்கலாம். எந்த நிலையிலும் ஆளை உள்ளே இறக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் ஒப்பந்தத்தில் எழுத்தில் சேர்த்துவிட வேண்டும்; ஏனெனில், கேமரா இருந்தும் அதற்குச் செலவாகிறதே என்று பார்த்து ஒருவரை இறக்கிவிடும் வழக்கத்தை இயந்திரம் தானாக ஒழித்துவிடாது, அதை ஒழிக்கவேண்டியது வேலையைக் கொடுப்பவர்தான்.