தொலைக்காட்சி உரிமம் (இந்தியா)

தொலைக்காட்சி உரிமம் என்பது, வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருக்க அரசுக்கு ஆண்டுக் கட்டணம் செலுத்திப் பெறும் அனுமதி ஆகும். இந்தியாவில் இது முன்பு கட்டாயமாக இருந்தது. 1970களில் வானொலிக்கு 15 ரூபாயும் தொலைக்காட்சிக்கு 50 ரூபாயும் அஞ்சலகத்தில் செலுத்தி உரிமப் புத்தகத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. உரிமமில்லாத பெட்டியை ஆய்வாளர் பறிமுதல் செய்யவும் இயன்றது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபின், திருநின்றவூர் போன்ற அண்மை ஊர்களில் பெட்டி வாங்கியோருக்கும் இவ்விதியே பொருந்தியது.

1980களின் நடுப்பகுதியில் இம்முறை நீக்கப்பட்டது. அதன்பின் இந்தியாவில் எந்த வீட்டுக்கும் உரிமம் தேவையில்லை. கேபிள் இணைப்புக்கான மாதக் கட்டணத்தைச் சிலர் உரிமக் கட்டணமாகக் கருதுவதுண்டு, அது தவறு. 1995 ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டியவர் இணைப்பு வழங்குபவரே, பார்ப்பவர் அல்லர். சிங்கப்பூரும் 2011 இல் உரிமத்தைக் கைவிட்டது. பிரித்தானியாவில் வாழும் தமிழர்களுக்கோ, நேரலை ஒளிபரப்பைக் காண உரிமம் இன்றும் தேவை.