பருப்பிருக்க பயமேன்!

'அவன்கிட்ட உன் பருப்பு வேகாது மச்சி', 'நீ என்ன பெரிய பருப்பா?' இப்படி கேம்பஸ் பேச்சில் பருப்புக்குக் குறைச்சலே இல்லை. ஆனா, உங்க தட்டுல எவ்வளவு பருப்பு இருக்கு ஃப்ரெண்ட்ஸ்? ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பைத் தேட டார்ச் லைட் வேணும்; ரூம் எடுத்துத் தங்கினவங்களுக்கோ காலையில் டீ, பன்; ராத்திரி பரோட்டா. அப்புறம், 'மத்தியான கிளாஸ்ல ஏன்டா இப்படித் தூக்கம் வருது?'ன்னு கேட்டா எப்படி?

கணக்கு ரொம்ப சிம்பிள். உடம்பு எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினமும் தேவை. 60 கிலோ எடை உள்ளவருக்குச் சுமார் 50 கிராம். வேகவைக்காத பருப்பு 50 கிராமில், அதாவது கால் டம்ளரில், 11 கிராமுக்கு மேல் புரதம் இருக்கு. கிட்டத்தட்ட ரெண்டு முட்டைக்குச் சமம். அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் தாராளம். பருப்பில் குறையும் மெத்தியோனினை அரிசி கொடுத்துடும். பருப்பு சாதம் சும்மா ஜோடி சேரலை!

பொண்ணுங்க இதைக் கொஞ்சம் கவனிச்சுப் படிங்க. 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. பருப்பில் இரும்புச்சத்தும் ஃபோலேட்டும் இருக்கு. ஆனா, இந்த இரும்பை உடம்பு லேசில் உறிஞ்சாது. அடுப்பை அணைச்சதும் எலுமிச்சை பிழிஞ்சா, வைட்டமின் சி கைகொடுக்கும். சாப்பிட்ட கையோட டீ குடிச்சா காரியம் கெட்டுது. ஒரு மணி நேரம் பொறுங்க. ஆனா, ஏற்கெனவே ரத்தசோகை இருந்தா பருப்பு மட்டும் போதாது. டாக்டர் தரும் மாத்திரையை விட்டுடாதீங்க.

குக்கர் இல்லையா? கவலையே வேணாம்!

துவரம் பருப்புக்குத்தான் குக்கர் வேணும். பாசிப்பருப்பும் மைசூர் பருப்பும் சாதாரணப் பாத்திரத்திலேயே 20-25 நிமிஷத்தில் வெந்துடும். ரெண்டு பேருக்கு அரை டம்ளர் பருப்பைக் கழுவி, ஒன்றரை டம்ளர் தண்ணீர், மஞ்சள் தூள், ரெண்டு சொட்டு எண்ணெய் சேர்த்து வேகவிடுங்க. குழைஞ்ச பிறகுதான் தக்காளி, உப்பு. முதல்லேயே புளிப்பைப் போட்டா பருப்பு அடம்பிடிக்கும். கடுகு, சீரகம், பூண்டு, காய்ஞ்ச மிளகாய், கறிவேப்பிலை தாளிச்சுக் கொட்டினா, சாதத்துக்கும் சப்பாத்திக்கும் அதுவே போதும். ஒரு கைப்பிடி கீரையைப் போட்டா இன்னும் ஜோர். சீக்கிரம் வேகணும்னு சோடா உப்பு போடாதீங்க. தயமின் என்ற பி வைட்டமின் அழிஞ்சுடும்.

'எங்க ஹாஸ்டல்ல அடுப்பே கூடாதே?'ங்கிறீங்களா? பொட்டுக்கடலை டப்பா ஒண்ணு வாங்கி வைங்க. அதுவும் பருப்பு இனம்தான், சமைக்கவே வேணாம். ரெண்டு கைப்பிடியோட ஒரு துண்டு வெல்லம் சேர்த்தா, சாயங்காலப் பசிக்கு பப்ஸ், சமோசா பக்கம் கால் போகாது. வார லீவுல வீட்டுக்குப் போனா பச்சைப் பயறை ராத்திரி ஊறவெச்சு, ஈரத்துணியில் முளைகட்டுங்க. பச்சையா சாப்பிடாம, லேசா ஆவியில் வேகவெச்சுச் சாப்பிடறதுதான் சேஃப்.

'பருப்புன்னாலே வயிறு ஊதுதே!'ன்னு அலறுபவர்கள், கடலை வகைகளை எட்டு மணி நேரம் ஊறவெச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு வேகவைங்க. தாளிக்கும்போது பெருங்காயத்தை மறக்காதீங்க. புதுசா ஆரம்பிக்கிறவங்க கொஞ்சம் கொஞ்சமா அளவைக் கூட்டுங்க.

கலர் கலர் டப்பாவில் புரோட்டீன் பவுடர் வாங்கப் பர்ஸைத் திறக்கும் முன்னாடி, மளிகைக் கடையில் கால் கிலோ பாசிப்பருப்பு வாங்கிப் பாருங்க. ரெண்டு பேர் ரூம்ல ரெண்டு நாளைக்கு மேலேயே வரும். மாசக் கடைசியிலும் உங்க பருப்பு நல்லாவே வேகும்!